பாடத்துக்குப் பதினைந்து டாலர்

மார்ச் 3

எஞ்சின் ரூம் துரை அவர்களுக்கு,

நானும் வாண்டுவும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முதுகு வலி எந்த மட்டில் இருக்கிறது? தைலம் தீர்ந்துபோயிருந்தால் எழுதுங்கள், கப்பல் கம்பெனி ஏஜென்ட் ஆபீஸில் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு சமாச்சாரம். நேற்று முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். லாரியில் ஏதோ பெட்டி மாறிப் போய்விட்டது என்று பயந்துகொண்டே போனேன். உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. நேற்றும் பாதி நாற்காலியில்தான் உட்கார்ந்தேன்.

"மேனேஜர் இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல ஓய்வு எடுத்துக்கறேங்கறாரு. டெஸ்பாட்ச்ல உன்னைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அட்டைப்பெட்டிக் கம்பெனிய நடத்தற தலை உனக்கு இருக்கு. ஆனா பன்னிரண்டாவது படிச்ச ஆளை மேனேஜர்னு பேங்க்காரன் முன்னாடி நிறுத்த முடியாதும்மா. தபால்லயே கரஸ்ல பிசினஸ் பட்டம் ஒண்ணு வாங்கிடு. சேந்துட்டேன்னு வந்து சொல்லு, அன்னிக்கே துணை மேனேஜர் ஆக்கிடறேன். இல்லேன்னா என் மச்சினன் பையன் பட்டத்தை வச்சுக்கிட்டு சும்மாதான் உக்காந்திருக்கான்" என்றார்.

வீட்டுக்கு வந்து கைப்பையை மாட்டக்கூட மறந்து நின்றேன். "அம்மா, பசிக்குது" என்று வாண்டு இடுப்பில் குத்திய பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தபாலில் படித்தால் மூன்று வருடம். வெளிநாட்டில் சில இடங்களில் இரண்டே வருடம் என்கிறார் மேனேஜர். கட்டணம் நாட்டுக்கு நாடு மாறுமாம். நாடு நாடாகச் சுற்றுகிற ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு நான் வேறு யாரைப் போய்க் கேட்பது? கரையில் இறங்கும்போது கொஞ்சம் விசாரியுங்கள்.

போன இரண்டு துறைமுகத்திலிருந்தும் நீங்கள் போன் செய்யவில்லை. மாடி வீட்டு டெய்லரம்மாவின் போன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாண்டு தூங்கிப்போனாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் டெஸ்பாட்ச்

மார்ச் 29

டெஸ்பாட்ச் மகாராணிக்கு,

முதுகு பரவாயில்லை. நீ சளியோடு இருந்தாயே, விட்டதா? வாண்டுவின் ஆடுகிற பல் விழுந்ததா?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முழு நாற்காலியில் உட்காரப் பழகு.

கப்பல் இப்போது நிற்கிற ஊரில் மூக்கு கழன்று விழுகிற குளிர். செகண்ட் எஞ்சினியரின் ஓவர்கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கோட்டு எனக்குக் கணுக்கால் வரை வந்தது. கவுன்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு, ஹீட்டர் ரிப்பேர்காரன் வந்துவிட்டான் என்று நினைத்து மூலையைக் காட்டினாள். அதையும் என்னவென்று பார்த்தேன். ஒரு திருகு தளர்ந்திருந்தது, முடுக்கிவிட்டு வந்து நின்றேன். அதன் பிறகு அவளும் ரொம்ப மரியாதையாகிவிட்டாள்.

இந்த ஊர்க்காரர்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். அதை இதோடு வைத்திருக்கிறேன். கட்டணம் என்னுடைய பதினான்கு மாதச் சம்பளம். பரீட்சை எழுத வருடத்துக்கு இரண்டு முறை நேரில் வரவேண்டுமாம். "கப்பல்ல கூட்டிட்டு வந்துடறேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இது நமக்கு ஆகாது. அடுத்த துறைமுகத்தில் பார்க்கிறேன்.

வாண்டுவுக்கு முத்தம்.
எஞ்சின் ரூம்

ஏப்ரல் 20

துரை அவர்களுக்கு,

எல்லோரும் சௌக்கியம். சளி விட்டது, பல்லும் விழுந்தது. பல்லைத் தபாலில் உங்களுக்கு அனுப்பச் சொல்லி அடம். அஞ்சலகத்தில் வாங்க மாட்டார்கள் என்று சமாளித்து வைத்திருக்கிறேன்.

ஹீட்டர் கதையை டெய்லரம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

நம் ஊர்ப் பல்கலைக்கழகத்திலும் கேட்டுவிட்டேன். மூன்று வருடத்துக்கும் சேர்த்து என் நாலு மாதச் சம்பளம் ஆகும். புத்தகம் தபாலில் வரும். பரீட்சைக்கு முன்னால் ஒரு மாதம் அங்கேயே தங்கி நேர்முக வகுப்புக்குப் போகவேண்டும். வாண்டுவை விட்டுவிட்டு ஒரு மாதம் நான் எங்கே போவது? சேரக் கடைசி நாள் ஜூன் முப்பது. அதற்குள் நீங்கள் இன்னொரு நாட்டிலாவது கேட்டுச் சொன்னால் நிம்மதியாக முடிவெடுப்பேன்.

இந்த முறையும் போன் இல்லை. உங்கள் குரலை மறந்துவிடுவேன் போல இருக்கிறது. கோபம் ஏதாவது இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

உங்கள் டெஸ்பாட்ச்

மே 24

மகாராணிக்கு,

நலம். கோபம் ஒன்றுமில்லை. போன் பூத்தில் ஊர்ப்பட்ட வரிசை. அத்தனை காசு கொட்டி "சாப்பிட்டியா" என்று கேட்டு வைப்பதைவிடக் கடிதத்தில் நாலு பக்கம் பேசலாம் என்றுதான்.

நல்ல செய்தி. இது வெயில் ஊர். இங்கே ஒரு பல்கலைக்கழகம் தபாலில் பட்டம் தருகிறது. இரண்டே வருடம். நேர்முக வகுப்பு கிடையாது. பரீட்சையை நம் ஊரிலேயே ஒரு மையத்தில் எழுதலாம். பாடத்துக்குப் பதினைந்து டாலர், மொத்தம் பதினெட்டுப் பாடம். கணக்குப் போட்டால் நம் ஊரைவிட மலிவு. கவுன்டரில் இருந்தவர் தடி மீசைக்காரர், நல்ல மனுஷன். விவரப் புத்தகம் கையிருப்பில் இல்லையாம், எழுதிப் போட்டால் வீட்டுக்கே அனுப்புவார்களாம். விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

நீ வாண்டுவை விட்டுப் போகவேண்டாம். பார்த்தாயா, உன் ஆள் எப்படி விசாரித்திருக்கிறான் என்று.

எஞ்சின் ரூம்

ஜூன் 15

என் கெட்டிக்கார துரைக்கு,

சுகம். உங்கள் கடிதம் வந்த அன்று டெய்லரம்மா வீட்டுக்கும் சேர்த்து இனிப்பு வாங்கினேன். விவரப் புத்தகத்துக்கு எழுதிப் போட்டாயிற்று.

முதலாளியிடம் வெளிநாட்டுப் பட்டம், இரண்டு வருடம், சேர்ந்த மாதிரிதான் என்று சொன்னேன். புருவத்தைத் தூக்கினார். அவருடைய அறைக்கு வெளியே ஒரு மேஜை போட்டுவிட்டார்கள். டெஸ்பாட்ச் ஆட்கள் என்னை "துணை" என்று கூப்பிடுகிறார்கள். லோடு ஏற்றுகிறவர், "துணை சொன்னா சரிதான்" என்று லாரிக்காரரிடம் சொன்னதை ஒளிந்து நின்று கேட்டேன்.

நம் ஊரில் சேரும் கடைசித் தேதி இந்த மாதத்தோடு முடிகிறது. முடியட்டும். நமக்குத்தான் இடம் கிடைத்துவிட்டதே.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.
துணை

ஆகஸ்ட் 12

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே குறையொன்றுமில்லை. அங்கே எப்படி என்று தெரியவில்லை. மே மாதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை.

விவரப் புத்தகம் நேற்று வந்தது. அதில் பாடத்துக்கு ஐம்பது டாலர் என்று அச்சடித்திருக்கிறது. நீங்கள் பதினைந்து என்று எழுதியிருந்தீர்கள். இங்கிலீஷில் பிப்டீனும் பிப்டியும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும், தப்பாகக் கேட்டுவிட்டீர்களா? உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி பார்த்தேன், பதினைந்து என்று எழுத்திலேயே தெளிவாகப் போட்டிருக்கிறீர்கள். கட்டணத்தை ஏற்றிவிட்டார்களா? நம்மால் இது முடியாது. நம் ஊரில் கதவை மூடியாயிற்று.

முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் அந்த மேஜையில் உட்காரவே கூசுகிறது.

உடனே பதில் போடுங்கள்.

செப்டம்பர் 2

அன்புள்ளவளுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா?

கட்டணத்தை ஏற்றியிருப்பார்கள். எல்லா இடத்திலும் விலை ஏறுகிறது. நீ மனசை விட்டுவிடாதே, வேறு வழி பார்ப்போம். எஞ்சினில் பெரிய ஓவர்ஹால் நடப்பதால் எழுத நேரமில்லை.

இருபதாம் தேதி காலையில் கரையில் இருப்பேன். உங்கள் ஆபீஸுக்கே போன் செய்கிறேன். என் குரலைக் கேட்டால் உனக்கும் தெம்பாக இருக்கும்.

எஞ்சின் ரூம்

செப்டம்பர் 20

அன்புள்ள உங்களுக்கு,

வாண்டு நன்றாக இருக்கிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்று இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தால் தெரியும்.

இன்று நீங்கள் பேசியபோது முதலாளி வெளியே போயிருந்தார். மேனேஜர் மட்டும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன். இதில் பாதி உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

"நான்தாங்க பேசறேன். அந்த ஆளு பதினஞ்சுன்னு சொன்னாரா, அம்பதுன்னு சொன்னாரா?"

"வாண்டு ஸ்கூலுக்குப் போறாளா?"

"போறா. நான் கேக்கறது பீஸு. பதினஞ்சா, அம்பதா?"

"சரி, சரி. கட்டிடு."

"எதைக் கட்டறது?"

"வெயில்தான். இங்க ரொம்ப வெயில்."

 பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?"

"ம், சாப்டேன். நீ சாப்டியா?"

மேனேஜர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார். நீங்கள் அதன் பிறகும் பேசிக்கொண்டே இருந்தீர்கள். நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். நான் நிறுத்தியது உங்களுக்குத் தெரியவில்லை. நடுநடுவே "ம்", "அப்படியா" என்று சொல்லிக்கொண்டு, காசு தீரும்வரை தனியாகப் பேசினீர்கள். நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. உங்களுக்கு எவ்வளவு நாளாகக் காது கேட்கவில்லை?

அக்டோபர் 30

என் அன்பானவளுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பல நாள் பதில் எழுதாமல் திரிந்தேன். நீ நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

இடது காது இரண்டு வருடமாகப் போய்விட்டது. வலது காதும் இந்த வருடம் அதே வழிக்குப் போகிறது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பேன். போனில் உதடு கிடையாது. அதனால்தான் வரிசை, காசு என்று உனக்குக் கதை விட்டேன். எஞ்சின் ரூமில் யாருக்குமே காது கேட்காது, எல்லோரும் கையால்தான் பேசுவோம். கேட்கிறவன் யார், கேட்காதவன் யார் என்று அங்கே கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

அந்த மீசைக்காரரிடம் கவுன்டரில் எழுதித் தரச் சொல்லியிருக்கலாம். பின்னால் பத்து இருபது பேர் நின்றார்கள். அவருடைய மீசை உதட்டை மூடியிருந்தது. ஒரு தடவை திரும்பக் கேட்டேன். இரண்டாம் தடவை அவர் கத்தினார், வரிசையில் சிலர் சிரித்தார்கள். புரிந்துவிட்டது என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பதினைந்து என்று நினைத்தேன். பதினைந்தாக இருக்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. நீ பிள்ளையை விட்டுப் போகாமலே படிக்கலாம் என்று உனக்கு எழுதவேண்டும் என்ற அவசரம்.

ஆண்டுப் பரிசோதனையில் டாக்டர் காதில் சத்தம் விட்டால் கை தூக்கவேண்டும், எந்த நேரத்தில் தூக்கவேண்டும் என்று மற்றவர்களைப் பார்த்துக் கற்றுவைத்திருந்தேன். அடுத்ததில் மாட்டுவேன். மாட்டினால் இறக்கிவிடுவார்கள். கடல் வேலையைத் தவிர எனக்கு என்ன தெரியும்? நீ ஒரு மேஜையில் போய் உட்காரும் வரைக்காவது ஓட்டிவிடலாம் என்று பார்த்தேன். அந்த மேஜையையும் நானே ஆட்டிவிட்டேன்.

போன வாரம் சங்கிலிக் கப்பியில் ஒரு பம்ப்பை இறக்கினோம். கீழே எண்ணெய் போடுகிற ஆயிலர் நின்றான். நிறுத்து என்று கத்தியிருக்கிறான். நான் இறக்கிக்கொண்டே இருந்தேன். கையை உருவிக்கொண்டதால் பிழைத்தான், கையுறை மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது. அவன் என்னைத் திட்டினானா என்று தெரியவில்லை. திட்டியிருந்தாலும் கேட்டிருக்காது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இதற்கு மேல் என்ன எழுதுவது.

நவம்பர் 18

என் துரைக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். இனிமேல் அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

படித்துவிட்டு அழுதேன். பிறகு திட்டினேன். நல்ல வேளையாக நீங்கள் பக்கத்தில் இல்லை, இருந்திருந்தால் என் உதட்டைப் பார்த்தே அத்தனை திட்டும் தெரிந்திருக்கும். போன விடுமுறையில் வாண்டு பின்னாலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே என்னிடம் வந்தாளே, அன்றைக்கு உங்களுக்குக் குழந்தைமேல் ஒட்டுதல் குறைந்துவிட்டதோ என்று நான் இரண்டு நாள் உங்களோடு சரியாகப் பேசவில்லை. அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இருந்திருக்கிறோம்.

முதலாளியிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். "பதினஞ்சுன்னு நெனச்சேன் சார், அம்பதாம். இடம் போயிடுச்சு" என்றேன். உங்கள் காதைப் பற்றிச் சொல்லவில்லை, மேனேஜரும் சொல்லியிருக்கவில்லை. முதலாளி, "டெஸ்பாட்ச்ல இருந்துகிட்டு விலைய எழுத்துல வாங்காம லாரிய அனுப்புவியா?" என்று கேட்டார்.  நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஜனவரியில் இன்னொரு பேட்ச் எடுக்கிறார்களாம், அதை விசாரித்துச் சொன்னதே அவர்தான். "ஜனவரி வரைக்கும் அந்த மேஜை உன்னுது. அப்புறம் மச்சினன் வீட்டுல என்னால பதில் சொல்ல முடியாது" என்றார். விண்ணப்பம் வாங்கிவிட்டேன்.

மூன்று வருடம்தான். ஆகட்டும்.

பரிசோதனை வரும்வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே செகண்ட் எஞ்சினியரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அந்த ஆயிலருக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கும். அவருடைய கையைப் பணயம் வைத்து நான் மேனேஜர் ஆகவேண்டாம். அந்த ஒரு மாத வகுப்புக்கு நான் போகும்போது வாண்டுவை யார் பார்த்துக்கொள்வது என்று எனக்கு இப்போது கவலையில்லை. நீங்கள் வந்துவிடுங்கள்.

உங்கள் துணை

டிசம்பர் 10

துணைக்கு,

சொல்லிவிட்டேன். செகண்ட் எஞ்சினியர் சிகரெட்டை அணைத்துவிட்டு, "ரெண்டு மாசமா நீ எப்ப வந்து சொல்வேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஆயிலரிடம் போய் நின்றேன். அவன் கையுறை போடாத கையை என் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி விரித்துக் காட்டினான். பிறகு தோளில் ஒரு அடி கொடுத்தான். நல்ல அடி.

கரையில் டாக்டர் பார்த்தார். எஞ்சின் சத்தத்தால் வந்தது, திரும்பாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி கொஞ்சம் பணம் தரும். உன் முதல் வருடக் கட்டணமும், வலது காதுக்கு ஒரு மிஷினும் அதில் அடங்கிவிடும். மற்றதை வந்து பார்ப்போம்.

பயமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

எஞ்சின் ரூம் (இனி அப்படிக் கையெழுத்துப் போடக்கூடாது)

நவம்பர் 6, அடுத்த வருடம்

ஹாஸ்டலில் இருக்கும் மாணவிக்கு,

இந்த வீட்டு மேஜையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கையாக இருக்கிறது. நீ நலமா? அறையில் உன்னோடு தங்கியிருக்கும் அந்த ரிட்டயர்ட் கண்டக்டரம்மா இன்னும் தூக்கத்தில் டிக்கெட் கிழிக்கிறாளா? ஐம்பத்தெட்டு வயதில் அவளே கணக்கியல் படிக்கும்போது, உனக்கு வராது என்று நீ எழுதியதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

பம்ப் ரிப்பேர் ஷெட்டில் வேலை ஒழுங்காகப் போகிறது. சம்பளம் கப்பலில் வாங்கியதில் பாதிகூட இல்லை, ஆனால் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். காது மிஷின் எல்லாச் சத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கொட்டுகிறது. வாண்டு பேசுவதும் கரண்டி விழுவதும் ஒன்றாக வருகின்றன. அவள் இப்போது என் முன்னால் வந்து, தாடையைப் பிடித்துத் திருப்பி, பிறகுதான் பேசுகிறாள். டெய்லரம்மாவிடமும் அப்படியே செய்து திட்டு வாங்கினாள்.

இனி மறைக்கமாட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டரிடம் காட்டி மருந்து கொடுத்தேன், புதன்கிழமை விட்டுவிட்டது, இன்று பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். நீ பதறி ஓடி வரவேண்டாம். ஆனால் திங்கட்கிழமை இரவு அவள் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். தூங்கும்போது மிஷினைக் கழற்றிவிடுவேனே, எனக்குத் தெரியவில்லை. காலையில் சொன்னாள்.   உனக்குத் தந்தி கொடுத்து வரச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அன்று இரவு படுக்கையை விரித்ததும் அவள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். ஒரு காலைத் தூக்கி என் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். வழக்கம்போல என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"கூப்பிட்டா உனக்குக் கேக்காதுப்பா. உதைச்சா தெரியும்ல?"

செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை உதைத்தாள். இரண்டு தடவையும் எழுந்து தண்ணீர் கொடுத்தேன். நேற்று காய்ச்சல் இல்லை, தாகமும் இல்லை, ஆனாலும் ஒரு தடவை உதைத்தாள். எழுந்து பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீ பரீட்சை எழுதி முடித்துவிட்டே வா.